அரசு ஆஸ்பத்திரி கட்டட்டும், என் பேனாவைப் பிடிக்க வேண்டாம்

பாலக்கோட்டில் 12 படுக்கை போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று நடத்துகிறேன். பொது மருத்துவம்தான். சர்க்கரை, பிரஷர், காய்ச்சல், பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்த கேஸ் என்று மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி, பெல்ரம்பட்டி, காரிமங்கலம் வரைக்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். மண்டியில் தக்காளி விலை ஏறினால் என் ஓ.பி.யிலும் கூட்டம் ஏறும். விலை விழுந்தால் நோய் இருந்தாலும் வரமாட்டார்கள், வீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் டாக்டராக இருப்பவனுக்கு மருத்துவமும் காசும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாரியம்மன் பண்டிகைக்கு வந்த அக்கா மகன், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "ஏன் மாமா, எல்லா ஆஸ்பத்திரியையும் கவர்ன்மெண்ட்டே எடுத்துக்கிட்டா என்ன? எல்லாருக்கும் ஒரே கார்டு, டாக்டருக்குச் சம்பளம், யாரும் காசு கட்ட வேணாம். நீங்கெல்லாம் எதுக்கு இதை எதிர்க்கிறீங்க? வருமானம் போயிடும்னுதானே?" பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மனதில் பட்டதை நேராகக் கேட்கிற பையன். அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. இந்த விஷயத்தில் டாக்டர்கள் பெரும்பாலும் தொழில் பிரச்சனை பேசுவதுபோல் பேசிவிடுகிறோம். என்னுடையது அரசியல் எதிர்ப்பு. அதை அரசியலாகவே சொல்கிறேன்.

அதற்கு முன், நான் யார் காசில் டாக்டரானேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் படித்தவன். எங்கள் அப்பா பெற்ற வருமானத்தில் தனியார் கல்லூரி வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. படித்து முடித்துச் சில வருடம் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்த்தேன். அரசாங்கம் மருத்துவம் பார்க்கவே கூடாது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தபிறகு, எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கிக் கணக்கு வைத்து அனுப்புகிறார்கள். பல மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு அது. பாட்டி காலத்தில் வீட்டுத் திண்ணையில் நடந்த பிரசவம் இன்று ஏறக்குறைய முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. தருமபுரிக்கு 2008-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன்னால் தலைக்காயம் என்றால் சேலம், பெங்களூர் என்று தொப்பூர் பக்கமும் ஓசூர் பக்கமும் வண்டி பறந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துப் பற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். நடு வயது ஆள் ஒருவர் வாயைத் திறந்தால், மேல்வரிசைப் பல்லில் குறுக்கே பழுப்பு நிறத்தில் கோடு கோடாக ஓடும். தேய்த்தாலும் போகாது. சிலருக்கு முதுகு விறைத்துப்போய்த் திரும்பிப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். இதற்கு நான் என்ன மாத்திரை எழுத? ஒன்றும் கிடையாது. இதற்கான வைத்தியம் குழாயில் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். தனியார் டாக்டர் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாத வைத்தியம் அது. அரசாங்கம் செய்ய வேண்டியது இந்த மாதிரி வேலை என்று மனசாரச் சொல்கிறேன்.

சரி, அப்புறம் எதை எதிர்க்கிறேன்?

இருபது வருடத்துக்குள் அரசாங்கத்தின் வேலையே மெல்ல மாறிவிட்டது. முன்பு ஆஸ்பத்திரி கட்டியது, டாக்டரை நியமித்தது, மருந்து வாங்கியது. இப்போது வைத்தியத்தை விலைக்கு வாங்குகிறது. 2007-ல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2009-ல் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறி 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் டெல்லியில் இருந்து ஆயுஷ்மான் பாரத் வந்து இதோடு சேர்ந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம். கட்சி எதுவானாலும், கொடி எதுவானாலும் இந்தப் பாதையில் மட்டும் யாரும் திரும்பவில்லை. இதையே இன்னும் விரித்து, நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா நோயாளியும் ஒரே கார்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதுதான் அக்கா மகன் சொல்கிற சீர்திருத்தம். இந்த வாங்குகிற வேலையில் எனக்கு இருக்கும் பயத்தை ஒரு நோயாளியின் காலை வைத்துச் சொல்கிறேன்.

பஞ்சப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். வலது காலில் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டால் கண்ணை மூடிக்கொண்டு "எங்கே தொடுறீங்க?" என்று கேட்கிறார். இதற்கு வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. செத்த தோலைச் சீவி, உப்புநீரில் கழுவி, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட வேண்டும். சர்க்கரையை இறக்க வேண்டும். அந்தக் காலை ஊன்றக் கூடாது. மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும். தக்காளிக் காட்டில் தண்ணீர் கட்டுகிறவர் காலை ஊன்றாமல் எப்படி இருப்பார்? கட்டணத்தை நான் குறைத்துக்கொண்டேன். ஆனால் பஸ் செலவையும் போன கூலியையும் நான் குறைக்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடக் காசே இல்லை, ஆனால் அங்கேயும் அரை நாள் போகும். சில வாரம் வந்தார். புண் சிவந்து, ஓரம் ஒட்ட ஆரம்பித்தது. அப்புறம் வரவில்லை.

அடுத்து நான் அவரைப் பார்த்தபோது விரல் கறுத்து, கணுக்கால் வரை வீங்கி, அறைக்கு வெளியே இருந்தே நாற்றம் தெரிந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே காப்பீட்டுக் கார்டு செல்லுபடியானது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "ஒத்த ரூபா வாங்கலைங்க சார். எல்லாம் கார்டுலயே முடிஞ்சுதுங்க."

அந்த அம்மாவின் நன்றி உண்மையானது. கார்டு இல்லாவிட்டால் மாடு கன்றை விற்றிருப்பார்கள், வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். ஆனால் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. காலைக் காப்பாற்றும் கட்டுக்கு இந்த ஏற்பாட்டில் காசு இல்லை. காலை எடுப்பதற்கு இருக்கிறது. காப்பீடு என்பது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தபிறகுதான் கண்விழிக்கும். ஓ.பி. வைத்தியம், தினசரி மாத்திரை, கட்டு, செருப்பு இதெல்லாம் அதன் கண்ணில் படுவதில்லை. பணம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரிகளும் வளரும். இரண்டு பெரிய ஆபரேஷன் தியேட்டரும் ஐ.சி.யூ.வும் வைத்த கட்டடம் ஓசூரிலும் சேலத்திலும் எழும்பும். பாலக்கோட்டில் கட்டுப் போடுகிறவனும் அரூரில் காய்ச்சல் பார்க்கிறவனும் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்துவார்கள். சாத்திக்கொண்டும் இருக்கிறார்கள். படிப்பு முடித்த பிள்ளைகள் சின்ன ஊரில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைக்கப் பயப்படுகிறார்கள்.

இரண்டாவது, பேனா. மாவட்டத் தலைநகரில் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான் வாரத்தில் சில நாள் போய் நோயாளிகளைப் பார்த்து வந்தேன். டிராக்டர் ஓட்டும் இளைஞர் ஒருவர் கணைய அழற்சியோடு சேர்ந்தார். வயிற்றுவலியில் சுருண்டு, முட்டியை நெஞ்சோடு சேர்த்துப் படுத்திருந்தார். இந்த நோய்க்கு நாள்கணக்குச் சொல்ல முடியாது. ஒருவர் நான்கு நாளில் எழுந்து போவார். இன்னொருவர் மூன்றாவது நாள் நன்றாக இருப்பதுபோல் இருந்து, ஏழாவது நாள் மூச்சுத் திணறுவார். இவர் இரண்டாவது ரகம். ஒவ்வொரு முறை நாளை நீட்டிக்கும்போதும் கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வந்து நிற்கும். ஏன் இன்னும் டிஸ்சார்ஜ் செய்யவில்லை? இந்த ஸ்கேனுக்கு என்ன அவசியம்? கேள்வி கேட்கிறவரும் டாக்டர்தான். எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனையோ ஃபைல் பார்க்கிறவர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் அந்த வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்விகளால் என்ன நடக்கிறது என்றால், கேஸ் ஷீட் எழுதுகிற விதமே மாறிவிடுகிறது. கேஸ் ஷீட் என்பது ராத்திரி ட்யூட்டிக்கு வரும் அடுத்த டாக்டருக்கு நான் எழுதும் கடிதம். "வயிறு கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்" என்று அவருக்குச் சொல்வதற்காக எழுதுவது. காப்பீட்டு வார்டில் அது கிளைம் பார்க்கிறவருக்கு எழுதும் விண்ணப்பமாகிவிட்டது. எந்த வார்த்தை போட்டால் கேள்வி வராது, எந்தப் பேக்கேஜ் (ஒரு வைத்தியத்துக்கு இவ்வளவு என்று திட்டம் வைத்திருக்கும் மொத்தத் தொகை) பெயரோடு நோயின் பெயர் ஒத்துப்போகும் என்று ஜூனியர் டாக்டர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பொய் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் கவனம் நோயாளியிடமிருந்து திரைக்குப் போய்விட்டது. மயக்கம் தெளியாத ஆளை ஆபரேஷன் தையலோடு படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று ஓடுகிற நர்ஸ், அந்த நேரத்தில் டிரிப்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர். அந்த இளைஞர் பிழைத்தார். அவருக்காகக் காப்பீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த தொகை, செலவான தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதற்கு மேல் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு கட்டுப்பாடும் திருட்டைத் தடுக்கத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருட்டு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் பற்றி நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையில், ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்ததாகச் சொன்னார்கள். இறந்துபோனதாகக் கணக்கில் உள்ளவர்களுக்கு வைத்தியம் பார்த்ததாகப் பணம் கேட்டிருந்ததும் வெளியே வந்தது. என் அனுபவத்தில் பெரிய திருட்டைச் செய்கிறவர்கள் காகிதத்தைச் சரியாக வைத்திருப்பார்கள். அதற்கென்றே தனியாக ஆள் வைத்திருப்பார்கள். கேள்விகளில் மாட்டுகிறவன் என்னைப் போலத் தானே எழுதி, தானே கையெழுத்துப் போடுகிறவன். ஒவ்வொரு ஊழலுக்கும் பிறகு ஒரு புதுப் படிவம் வருகிறது. அந்தப் படிவத்தை நிரப்ப ஆள் வைக்க முடிந்தவன் மட்டும் மிஞ்சுகிறான்.

இனி அரசியலுக்கு வருகிறேன்.

வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலை அவர் சொல்வதுதான். நர்ஸ் சம்பளம், கரண்ட் பில், மருத்துவக் கழிவுக்குக் கட்டும் பணம் எல்லாம் வருடா வருடம் ஏறும். பேக்கேஜ் தொகை எப்போது ஏறும் என்பது யாருக்கும் தெரியாது. விலை வைப்பவர், ஆஸ்பத்திரிக்குத் தரம் போடுபவர், லைசென்ஸ் கொடுப்பவர், தப்பு நடந்தால் தண்டிப்பவர், பக்கத்திலேயே போட்டிக்கு ஆஸ்பத்திரி நடத்துபவர் எல்லாரும் ஒருவரே. இதில் எங்கே போய் முறையிடுவது? இன்றைக்கு ஆள்பவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு வருகிறவர் எதிர்க்கட்சிக்காரரின் ஆஸ்பத்திரியைப் பட்டியலில் இருந்து எடுக்க ஒரு கையெழுத்துப் போதும். இது டாக்டருக்கு மட்டும் வரும் ஆபத்து இல்லை. ஒரு ஊரில் யாரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்வது என்பதை ஊர்க்காரன் முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமையைக் கார்டு வாங்கிக்கொள்கிறது.

கார்டில் தலைவர் படம் இருப்பதும் எனக்கு உறுத்தும். உள்ளே இருப்பது அவர்கள் சொந்தக் காசு இல்லை. சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டிய அந்தப் பஞ்சப்பள்ளி அம்மாவின் காசு. அரசு ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்தால் வைத்தியம் இலவசம் என்பது இந்த மாநிலத்தில் நமக்கு உரிமையாக இருந்தது. அங்கேயும் இப்போது காப்பீட்டுக் கணக்கில் பணம் வருவதால், சில வைத்தியத்துக்குக் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்க ஓடுகிறார்கள். உரிமையாக இருந்தது மனு கொடுத்து வாங்குவதாக மாறிவிட்டது.

டெல்லி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் அரசியல் சட்டத்தில் பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் சீர்திருத்தம் என்று எது வந்தாலும் மேலே நோக்கித்தான் போகிறது. கிராமத்தில் வேலை செய்யும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு 50 சதவீத இடம் ஒதுக்கி வைத்திருந்தது. தருமபுரி மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இளம் டாக்டர்கள் வந்ததற்கு அதுதான் பெரிய காரணம். நானும் அந்த நம்பிக்கையில் வந்தவன். அகில இந்திய விதியைக் காட்டி அதை நிறுத்தினார்கள். பிறகு மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்ல வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் யார் வேலை பார்ப்பார்கள் என்பதைத் தெரியாதவர்கள் மேலே உட்கார்ந்து ஒரே விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி இருக்கிறது. ரெஜி, லலிதா என்று இரண்டு டாக்டர்கள் 1993 வாக்கில் அங்கே போய், பழங்குடி மக்கள் போட்டுக்கொடுத்த குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிரசவம் பார்க்கவும் குழந்தைகளைக் கவனிக்கவும் பழக்கினார்கள். குழந்தை இறப்பு மளமளவென்று இறங்கியது. அது அரசாங்கமும் இல்லை, லாபத்துக்கு நடத்தும் தனியாரும் இல்லை. இன்றைக்கு, தமிழ்நாட்டில் 2018-ல் வந்த மருத்துவமனை ஒழுங்குமுறை விதிகளின்படி ஆஸ்பத்திரிக்கு இத்தனை சதுர அடி, இத்தனை பணியாளர் என்று இருக்கிறது. சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் விதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அச்சில் எல்லா இடத்தையும் வார்ப்பவர்களுக்கு அந்தக் குடிசை கண்ணில் பட்டிருக்காது. அப்படி ஒன்று முளைக்க இடம் விட்டு வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எல்லா நாட்டிலும் டாக்டர்கள் எதிர்த்தார்கள், கடைசியில் எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது என்றான் அக்கா மகன். கனடாவைச் சொன்னான். உண்மைதான். 1962 ஜூலை 1 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு வந்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் அது எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். டாக்டர்கள் சம்பளத்துக்கு இருக்கும் அரசு ஊழியர்களாக மாட்டார்கள், பார்த்த வைத்தியத்துக்குக் கட்டணம், திட்டத்துக்கு வெளியேயும் தொழில் செய்யலாம் என்று உடன்பாடு வந்தது. பிரிட்டனில் 1948-ல் ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரியையும் அரசு எடுத்துக்கொண்டது. அங்கேயும் குடும்ப டாக்டர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் சுயமாகத் தொழில் நடத்துகிறவர்களாகவே இருந்தார்கள். ஜனங்களுக்கு வைத்தியச் செலவில்லாமல் செய்ய முடியும், டாக்டரின் கையைக் கட்டாமலும் இருக்க முடியும் என்பதற்குத்தான் நான் அந்த நாடுகளைக் காட்டுவேன்.

நம் நாட்டிலேயே ராஜஸ்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டு வந்தார்கள். அவசரம் என்று வந்தால் முன்பணம் கேட்காமல் யாராக இருந்தாலும் பார்க்க வேண்டும். பார்க்கத்தான் வேண்டும். பாம்பு கடித்தவரிடம் பர்ஸைத் திறக்கச் சொல்பவன் டாக்டரே இல்லை. ஆனால் அந்தச் செலவை அரசு எப்போது, எப்படித் திருப்பித் தரும் என்பதில் தெளிவில்லாமல் சட்டம் போட்டால் சின்ன ஆஸ்பத்திரி மூன்று மாதம் தாங்காது. அங்கே டாக்டர்கள் தெருவுக்கு வந்தபிறகு, 50 படுக்கைக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிட ஒத்துக்கொண்டார்கள். நம் மாநிலம் இதே விஷயத்தை நல்லபடியாகச் செய்தது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே கொடுக்கிறது. ஆரம்பத்தில் 1 லட்சம் வரை. எந்த மாநிலத்து ஆள் என்று கேட்பதில்லை, கார்டு கேட்பதில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் திட்டத்தை எதிர்த்து என் வாயில் ஒரு சொல் வராது.

தனியார் செய்கிற அநியாயத்தையும் நான் மூடி மறைக்கப் போவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100-க்கு ஏறக்குறைய 64 சிசேரியன். அத்தனை தாய்க்கும் அது தேவைப்பட்டிருக்காது. ஸ்கேன் சென்டரில் இருந்து டாக்டருக்குக் கட்டிங் வருவது ஊரறிந்த விஷயம். கட்டிங் வாங்காதவன் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. இதை அரசு பிடிக்க வேண்டும், கடுமையாகவே பிடிக்க வேண்டும். ஆனால் இதே ஆஸ்பத்திரிகளுக்குத்தான் காப்பீட்டுப் பணமும் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

வீடு தேடிப் போகும் திட்டமும் இருக்கிறதே என்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் பக்கத்து மாவட்டத்தில், கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. எனக்குப் பிடித்த திட்டம். பிரஷர் மாத்திரை வாங்கப் பஸ் ஏற வேண்டாம் என்பது பெரிய காரியம். போன மழைக்காலத்தில் ஒரு ஆயா இரண்டு காலும் வீங்கி வந்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இதயமா, சிறுநீரகமா என்று பேரன் பயந்துபோயிருந்தான். மூச்சு நன்றாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் இல்லை. மடியில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்: அம்லோடிபின், பிரஷர் மாத்திரை. சிலருக்கு அது காலை வீங்க வைக்கும். வேறு மாத்திரைக்கு மாற்றினால் சரியாகிவிடும். சரியாகியும்விட்டது. மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் பெண்மேல் ஒரு குறையும் இல்லை. "கால் வீங்கியிருக்கு, டாக்டரைப் பாரு ஆயா" என்று சொன்னதே அவர்தான். மாத்திரையை மாற்றுவது அவர் வேலை இல்லை. அதற்கு, நடந்துபோகும் தூரத்தில், மாற்றி எழுத அதிகாரமும் நேரமும் உள்ள ஒரு டாக்டர் இருக்க வேண்டும்.

அந்த டாக்டரைத்தான் நான் கேட்கிறேன். அவர் அரசு டாக்டராக இருந்தாலும் சரி, என்னைப் போல ஒருவராக இருந்தாலும் சரி. தேசிய சுகாதாரக் கொள்கை 2017-ல் வந்தபோது, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்றார்கள். 2021-22 கணக்கில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவீதம். அந்த மிச்சத்தைப் பிரீமியமாகவும் பேக்கேஜாகவும் கொட்ட வேண்டாம். துணை சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் புண்ணுக்குத் தினம் கட்டுப் போடும் ஒரு நர்ஸைக் கூடுதலாகப் போடுங்கள். தேர்தலுக்கு ஓட்டு எந்திரம் கழுதை மேல் ஏறிப் போன பென்னாகரம் கோட்டூர்மலை மாதிரி ஊர்களுக்கு ரோடு போடுங்கள். ரோடு இல்லாத ஊரில் 5 லட்ச ரூபாய் கார்டை வைத்து என்ன செய்வது? காப்பீடு இருந்தே ஆக வேண்டிய பெரிய வைத்தியத்துக்கு இருக்கட்டும். ஆனால் நாளை நீட்டிக்கலாமா என்று முடிவு செய்பவர் அந்த மாவட்டத்திலேயே இருக்கும் டாக்டராக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் வார்டுக்கு வந்து நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவராக இருக்க வேண்டும், மறுத்தால் பெயர் போட்டுக் காரணம் எழுத வேண்டும்.

ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் இந்த முறை நான் கார்டைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. நம் தாலுகாவில் ராத்திரி 2 மணிக்கு ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் போக ஆரம்பித்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் எங்கே இருப்பார், ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்பேன். எந்தக் கட்சிக்காரர் இதற்கு ஆள் பெயரும் இடமும் சொல்கிறாரோ, அவர் மேடையில் ஏறி நானே பேசுகிறேன்.